காற்று நகர்கிறதா, கலக்கிறதா? கழனியில் அளந்து பார்க்கும் முறை

சாயங்காலம் ஐந்தரை மணி. வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. "காத்து அடங்கிடுச்சு, இப்ப அடிச்சா மருந்து பக்கத்துக் கொல்லைக்குப் போகாது" என்று டேங்கை முதுகில் மாட்டுவது வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, கணியம்பாடி, குடியாத்தம் பக்கம் எங்கும் பார்க்கிற காட்சி. நெல்லில் அகன்ற இலைக் களைக்கு 2,4-டி அடிக்கும்போது இந்த நம்பிக்கைதான் அடுத்தவர் கொல்லையில் நிற்கும் முள்ளு கத்தரியையும் தக்காளியையும் இலை சுருள வைக்கிறது. மருந்தடிக்கவே கூடாத நேரம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், மேகமில்லாத நாளில் காற்று அடங்கிய அந்த அந்தி நேரத்தைத்தான் சொல்ல வேண்டும்.

காரணம், காற்று நகர்வது வேறு, கலப்பது வேறு. நகராத காற்று கலக்கவும் செய்யாவிட்டால், அதில் விட்ட புகையும் துளியும் நாற்றமும் நீர்த்துப் போகாமல் அடுக்காகத் தங்கி, பிறகு மெல்ல ஊர்ந்து எங்கோ போய்ச் சேரும். கலக்கிறதா இல்லையா என்பதை ஒரு கம்பம், இரண்டு வெப்ப உணரி, இரண்டு காற்றுமானி கொண்டு நம் நிலத்திலேயே அளந்துவிடலாம். தரையிலிருந்து காற்றுக்கு எவ்வளவு வெப்பம் ஏறுகிறது என்பதும் அதே கணக்கில் கிடைத்துவிடும்.

அளக்கும் முன், எதை அளக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பகலில் வெயில் காற்றை நேராகச் சூடாக்குவது கொஞ்சம்தான். தரை சூடாகி, தரையை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று லேசானது, மேலே கிளம்பும். மேலே இருந்த குளிர்ந்த காற்று இடத்தைப் பிடிக்க இறங்கும். மே மாதம் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் தெரியும் கானல் இந்தக் கலவரத்தின் வெளித்தோற்றம். தாரை ஒட்டிய சில சென்டிமீட்டரில் வெப்பம் செங்குத்தாகக் குறைவதால் ஒளி வளைகிறது, சூடும் குளிருமாகக் காற்று புரள்வதால் காட்சி நடுங்குகிறது. இதற்கு நிலையற்ற காற்று என்று பெயர்.

இரவில் எல்லாம் தலைகீழ். மேகமில்லாத வானத்துக்குத் தரை தன் வெப்பத்தைக் கதிராக விட்டுவிட்டுக் குளிர்கிறது; அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் படுத்துவிடுகிறது. கீழே குளிர், மேலே சூடு. கீழிருந்து ஒரு கை காற்றைத் தூக்கிவிட்டாலும், சுற்றியுள்ளதைவிடக் கனமாக இருப்பதால் அது மறுபடி கீழேயே வரும். இதுதான் நிலையான காற்று, அல்லது வெப்பத் தலைகீழ் அடுக்கு. இந்த நேரத்தில் கலவையை உண்டாக்க மிஞ்சியிருப்பது ஒன்றுதான்: மேல் காற்று வேகமாகவும் கீழ் காற்று மெதுவாகவும் ஓடும்போது இரண்டுக்கும் நடுவே ஏற்படும் உராய்வுச் சுழல். அந்தச் சுழலின் பலம் பெரிதா, கனத்த காற்றின் பிடிவாதம் பெரிதா என்ற போட்டியை ஒரே எண்ணாகச் சொல்வது ரிச்சர்ட்சன் எண். பிரிட்டிஷ் அறிஞர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் 1920-இல் கொடுத்தது. அதிலிருந்து வெப்ப ஓட்டத்தைக் கணக்கிடும் வழியை 1954-இல் சோவியத் அறிஞர்கள் மோனினும் ஒபுகோவும் வகுத்தார்கள். கீழே வரும் கணக்கு இந்த இரண்டின் எளிய வடிவம்.

கம்பம் நடுதல்

சுமார் 5 மீட்டர் நீள ஜிஐ பைப் ஒன்று போதும். அரை மீட்டரை மண்ணில் இறக்கி, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுங்கள். தரையிலிருந்து 1 மீட்டரிலும் 4 மீட்டரிலும் அரை மீட்டர் நீளக் கைகள் வேண்டும். பைப்பை ஒட்டி உணரியை வைத்தால் பைப்பின் சூட்டைத்தான் அளப்பீர்கள். நம் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்தும், வடகிழக்குப் பருவத்தில் கிழக்குப் பக்கமிருந்தும் வரும். கைகளைத் தெற்கு அல்லது வடக்கு நோக்கி நீட்டினால் வருஷம் முழுவதும் கம்பத்தின் மறைப்பு இருக்காது.

பயிர் உயரமாக இருந்தால் அதன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தரையாகக் கருத வேண்டும். 60 சென்டிமீட்டர் கத்தரி என்றால் 40 சென்டிமீட்டர் கூட்டி, 1.4 மீட்டரிலும் 4.4 மீட்டரிலும் வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் கீழ் உணரி இலைகளுக்குள் நடப்பதை அளக்கும். கீழே வரும் சூத்திரம் அங்கே செல்லாது.

இடம் தேர்வதில் அவசரம் வேண்டாம். காற்று வரும் திசையில் குறைந்தது 200 மீட்டருக்கு ஒரே மாதிரி நிலம் இருக்க வேண்டும். 400 இருந்தால் இன்னும் நல்லது. மரம், மோட்டார் கொட்டகை, மதில் எதுவானாலும் அதன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தள்ளி நில்லுங்கள். பாலாற்றங்கரை ஓரம் வைக்கிறவர்கள் கவனிக்க: காய்ந்த மணல் வெப்பத்தை உள்ளே கடத்தாது, அதனால் பகலில் மேற்பரப்பு கொதிக்கும், இரவில் சீக்கிரம் சில்லிட்டுப் போகும். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வரும்போது உங்கள் கம்பம் சொல்வது மணலின் கதை, உங்கள் கழனியின் கதை அல்ல.

வெப்ப உணரி

டிஎஸ்18பி20 என்ற எஃகு முனை உணரி மலிவு, அளவுகளைப் பதியும் ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையோடு சேரும். தரவுக் கம்பிக்கும் மின் கம்பிக்கும் இடையே 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று போட மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் அளவே வராது. 12 பிட் அமைப்பில் 0.06 டிகிரி வரை பிரித்துக் காட்டும். ஆனால் துல்லியம் என்று அதன் விவரத்தாள் உறுதி கொடுப்பது கூட்டியோ குறைத்தோ 0.5 டிகிரிதான். நமக்கு வேண்டியதோ ஒரு டிகிரிக்கும் குறைவான வேறுபாடு. சந்தையில் போலிகளும் நிறைய.

ஆகவே இரண்டு உணரிகளையும் ஒப்பிடாமல் கம்பத்தில் ஏற்றவே கூடாது. இரண்டின் முனைகளையும் ரப்பர் பேண்ட் போட்டுச் சேர்த்துக் கட்டி, நொறுக்கிய ஐஸும் நீரும் நிறைந்த பிளாஸ்கில் அமிழ்த்திப் பத்து நிமிடம் கலக்கிக்கொண்டே இருங்கள். வேறுபாட்டைக் குறியுங்கள். பிறகு 40 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான நீரில் அதே போல. கலக்காமல் விட்டால் பிளாஸ்குக்குள்ளேயே மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு என்று அடுக்கு உண்டாகி ஏமாற்றும். இரண்டு நீரிலும் வேறுபாடு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அதையே திருத்தமாகக் கழிக்கலாம். ஒன்றில் 0.1, இன்னொன்றில் 0.5 என்று வந்தால் அந்த ஜோடி வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அடுத்த எதிரி வெயில். மூடாத உணரி வெயிலில் காற்றைவிடப் பல டிகிரி கூடக் காட்டும். வெள்ளை பிளாஸ்டிக் பூத்தொட்டித் தட்டுகள் ஏழெட்டை வாங்கி, நடுவில் ஓட்டை போட்டு, ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் கவிழ்த்து அடுக்கினால் நிழற்கூடு தயார். காற்றே இல்லாத வெயில் நேரத்தில் இதுவும் சூடேறும். அதற்கு மூன்று அங்குல, இரண்டு அங்குல பிவிசி குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, 12 வோல்ட் கம்ப்யூட்டர் விசிறியால் காற்றை உறிஞ்ச வைப்பது மேல். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் பகல் அளவீடு நம்பகமாக வேண்டுமென்றால் இதைத்தான் செய்ய வேண்டும். குழாயின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். "வடக்குப் பார்த்து வைத்தால் வெயில் படாது" என்பது நம் ஊருக்குப் பொருந்தாது: சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து ஆவணி தொடக்கம் வரை வேலூரில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும்.

காற்றுமானி

கிண்ணக் காற்றுமானி இரண்டு, ஒவ்வோர் உயரத்திலும் ஒன்று. மலிவான கிண்ணங்கள் விநாடிக்கு அரை மீட்டருக்குக் கீழே சுழலாமல் நின்றுவிடும்; இரவில் கீழ்மானி பூஜ்யம் காட்டுவது பெரும்பாலும் இதனால்தான். முதல் நாள் இரண்டையும் ஒரே உயரத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஒப்பிடுங்கள். அதன் பிறகும், முடிந்தால் மேலே இருப்பதைக் கீழேயும் கீழே இருப்பதை மேலேயும் மாற்றிப் போட்டு, இரண்டு தவணை அளவுகளின் சராசரியை எடுங்கள். கருவிக் கோளாறு அதில் தானாகவே அடிபட்டுப் போகும்.

பத்து விநாடிக்கு ஒரு முறை பதிந்து, 15 நிமிடச் சராசரி எடுங்கள். ஒற்றை அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். நண்பகலில் ஒரு சூட்டுக் குமிழ் கடந்து போனாலே ஒரு டிகிரி ஆடும்.

கணக்கு

முதலில் வெப்ப வேறுபாடு: மேல் அளவிலிருந்து கீழ் அளவைக் கழித்து, 0.03 கூட்டுங்கள். காற்று மேலே போகும்போது மீட்டருக்கு ஏறக்குறைய 0.01 டிகிரி தானாகவே குளிரும். 3 மீட்டர் இடைவெளிக்கு அந்தத் திருத்தம். அடுத்து காற்று வேறுபாடு: மேல் வேகத்திலிருந்து கீழ் வேகத்தைக் கழியுங்கள், விநாடிக்கு மீட்டரில். 1 மீட்டர், 4 மீட்டர் உயரங்களுக்கு:

ரிச்சர்ட்சன் எண் = 0.1 × வெப்ப வேறுபாடு ÷ (காற்று வேறுபாடு × காற்று வேறுபாடு)

வெப்ப ஓட்டம் = −96 × காற்று வேறுபாடு × வெப்ப வேறுபாடு × திருத்தக் காரணி

விடை சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று வரும். கூட்டல் குறி வந்தால் வெப்பம் தரையிலிருந்து காற்றுக்கு ஏறுகிறது. கழித்தல் வந்தால் காற்றிலிருந்து தரைக்கு இறங்குகிறது. 96 என்ற எண்ணில் நம் பகுதிக் காற்றின் அடர்த்தியும் வெப்பக் கொள்ளளவும், கார்மன் மாறிலி (உயரத்தோடு காற்று வேகம் கூடும் கணக்கில் வரும் மாறாத எண்) 0.4-இன் வர்க்கமும், இரண்டு உயரங்களின் விகிதமும் அடங்கியிருக்கின்றன. உயரத்தை மாற்றினால் 0.1, 96 இரண்டுமே மாறும்.

திருத்தக் காரணிக்கு இரண்டு வழி. ரிச்சர்ட்சன் எண் கழித்தலில் (நிலையற்ற காற்று) இருந்தால்: அதன் அளவை 16-ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள், வந்ததன் வர்க்கமூலத்தை, அந்த வர்க்கமூலத்தின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். எண் கூட்டலில் (நிலையான காற்று) இருந்தால்: 5-ஆல் பெருக்கி, 1-லிருந்து கழித்து, வர்க்கப்படுத்துங்கள். ரிச்சர்ட்சன் எண் 0.2-ஐத் தாண்டினால் காரணி பூஜ்யம்.

ஒரு வெயில் பகலை எடுப்போம். கீழே 36.4, மேலே 35.8 டிகிரி, காற்று கீழே 1.9, மேலே 2.7. வெப்ப வேறுபாடு −0.57, காற்று வேறுபாடு 0.8. ரிச்சர்ட்சன் எண் −0.089. காரணி 1.94. வெப்ப ஓட்டம் சதுர மீட்டருக்கு சுமார் 85 வாட். காரணி இல்லாமல் போட்டிருந்தால் 44 வாட்தான் வந்திருக்கும். அதாவது அதே வெப்ப வேறுபாட்டுக்கும் அதே காற்றுக்கும், நிலையற்ற தன்மை ஒன்றே கலவையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிட்டது.

இப்போது தை மாத இரவு ஒன்று. கீழே 21.3, மேலே 22.2, காற்று கீழே 0.6, மேலே 1.2. வெப்ப வேறுபாடு 0.93, காற்று வேறுபாடு 0.6, எண் 0.26. 0.2-ஐத் தாண்டியதால் கலவைக்குக் கதவு மூடிவிட்டது, வெப்பமும் இறங்காது, புகையும் கலையாது. அதே இரவில் கொஞ்சம் காற்று எழுந்து காற்று வேறுபாடு 1.0 ஆனால் எண் 0.093-க்கு இறங்கும், காரணி 0.29, தரைக்கு சுமார் 25 வாட் இறங்க ஆரம்பிக்கும். காற்று வேறுபாடு வர்க்கமாக வருவதால்தான் இந்தப் பெரிய மாற்றம். அதனாலேயே பிழையும் பெருகும்: 0.6-ஐ 0.5 என்று தவறாக அளந்தால் எண் 0.26-லிருந்து 0.37-க்குத் தாவிவிடும். காற்று வேறுபாடு 0.3-க்குக் கீழே இருக்கும்போது எண்ணை நம்பாமல் வெப்ப வேறுபாட்டின் குறியை மட்டும் பாருங்கள்.

ரிச்சர்ட்சன் எண் −0.02-க்கும் 0.02-க்கும் இடையே வந்தால் நடுநிலை, அதாவது நிலையானதும் இல்லை, நிலையற்றதும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மூடாப்பு நாட்களில் பகலும் இரவும் இப்படித்தான் இருக்கும். தெளிந்த நாட்களில் நடுநிலை இரண்டு முறை வந்து போகும்: காலை வெயில் ஏறி ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒன்று, மாலை பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒன்று. பலர் சூரியன் மறைந்த பிறகுதான் அடுக்கு உண்டாகும் என்று நினைக்கிறார்கள். மார்கழியில் பொழுது ஆறு மணிக்கு முன்பே சாய்ந்துவிடும், அப்படியென்றால் ஐந்து மணிக்கே கீழ் உணரி மேல் உணரியைவிடக் குளிரத் தொடங்கியிருக்கும்.

கருவி இல்லாதவர்களுக்கு

தூபக்காலில் நாலு தணல், அதில் ஒரு சிட்டிகை சாம்பிராணி. திறந்த வெளியில் இடுப்பு உயரத்தில் பிடித்து, தள்ளி நின்று பாருங்கள். புகை கிளம்பிய உடனே பிய்ந்து, உருண்டு, மேலும் கீழும் அலைந்து, பத்தடிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் போனால் காற்று நன்றாகக் கலக்கிறது. கூம்பு போலச் சீராக விரிந்து போனால் நடுநிலை. கொஞ்சம் எழும்பி, பிறகு துணி விரித்தது போலப் படுத்து, கலையாமல் ஒரு திசையில் ஊர்ந்தால் அடுக்கு விழுந்துவிட்டது. இந்தக் கடைசிக் காட்சியைக் கண்ட பிறகு டேங்கைக் கீழே வைத்துவிடுங்கள்.

புகை ஊரும் திசையையும் கவனியுங்கள். பாலமதி, ஜவ்வாது மலைச் சரிவுகளில் இரவில் குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலப் பள்ளம் நோக்கி வழியும். பகலில் வீசிய காற்று எந்தத் திசை என்பது அப்போது உதவாது. மேட்டுக் கழனியில் விட்டது பள்ளத்துக் கழனிக்குத்தான் போகும்.

மருந்தடிக்கும் நேரம்

துளியின் அளவைப் பொறுத்தது எல்லாம். 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) துளி விநாடிக்கு கால் மீட்டருக்கு மேல் விழும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நான்கு விநாடியில் தரை. 50 மைக்ரான் துளிக்கு 14 விநாடி. 20 மைக்ரான் துளிக்கோ 80 விநாடிக்கு மேல். இரவுக் காற்று விநாடிக்கு 0.6 மீட்டர் ஊர்ந்தாலும் அது 50 மீட்டர் போய்விடும், ஆவியாகிச் சிறுத்தால் இன்னும் தூரம். கலக்கும் காற்றிலும் இந்தத் துளி போகத்தான் செய்யும், ஆனால் மேலே தூக்கப்பட்டு நீர்த்துவிடும். அடுக்குக்குள் அது கெட்டியாகவே போய்ச் சேரும்.

ஆகவே காலை வெயில் ஏறி, வெப்ப வேறுபாடு கழித்தலுக்குத் திரும்பிய பிறகு தொடங்குங்கள். தை, மாசியில் பெரும்பாலும் எட்டு மணிக்கு மேல், சித்திரையில் ஏழு, ஏழரை. மணிக்கு 3 முதல் 10 கிலோமீட்டர் வரை ஒரே திசையில் வீசும் காற்று நல்லது. கத்தரிக் கொல்லை காற்று வரும் பக்கம் இருக்க வேண்டும், போகும் பக்கம் கூடாது. உச்சி வெயிலில் நிறுத்திவிடுங்கள். கலவை அபாரமாக இருக்கும், ஆனால் துளி இலையைத் தொடும் முன் காய்ந்துவிடும். களைக்கொல்லிக்குக் கூம்பு நாசில் வேண்டவே வேண்டாம், பெரிய துளி தரும் ஃப்ளட் ஜெட் போட்டு அழுத்தத்தைக் குறையுங்கள். 2,4-டியில் எஸ்டர் வகை அடித்த பிறகும் ஆவியாகும். காலையில் ஒழுங்காக அடித்தாலும், அன்று இரவு அடுக்கு விழும்போது அந்த ஆவி அதற்குள் சிக்கும். பக்கத்தில் கத்தரி, தக்காளி, பருத்தி இருந்தால் அமைன் அல்லது சோடியம் உப்பு வகையே சரி.

கரும்புத் தோகை, செங்கல் சூளை, போகிக் குப்பை எதை எரிப்பதற்கும் இதே விதி. தோகையை உரமாக்குவதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. சூளைப் புகையில் இன்னொரு சிக்கல் உண்டு. இரவெல்லாம் அடுக்கின் மேல்புறத்தில் தங்கிய புகை, காலை வெயிலில் கீழிருந்து கலவை வளர்ந்து அதை எட்டியதும், ஒரேயடியாகத் தரைக்கு இறங்கும். பள்ளிக்கூடம் போகும் எட்டு, ஒன்பது மணிக்கு ஊரே புகை நாறுவது இதனால்தான். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் நாற்றம் பகலைவிட விடியற்காலையில் மூக்கைத் துளைப்பதற்கும் அடிப்படை இதே அடுக்கு.

ஏமாற்றும் அளவீடுகள்

பட்டப்பகல் இரண்டு மணிக்கு, நாற்று நட்ட கழனியில் வெப்ப வேறுபாடு கூட்டலில் வந்தால் உணரி பழுது என்று கழற்றிவிடாதீர்கள். சுற்றிலும் காய்ந்த கொல்லை, நடுவில் தண்ணீர் நிற்கும் கழனி என்றால், ஆவியாதல் கீழ் காற்றைக் குளிர்விக்கும். வெளியிலிருந்து வரும் சூடான காற்று அதன் மேல் ஓடும். பகலிலேயே ஓர் அடுக்கு, வெப்பம் காற்றிலிருந்து பயிருக்கு இறங்கும். காய்ந்த கொல்லைக்குள் தனியாக நிற்கும் நெல் வயலில் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதும் இதனால்தான். வெயில் தரும் வெப்பத்தோடு காற்றும் சேர்ந்து நீரை எடுக்கிறது.

இரவு ஒன்பது மணிக்குத் திடீரென்று ஒரு வீச்சு வந்து, கீழ் உணரி சில நிமிடத்தில் ஒரு டிகிரி ஏறும். அடுக்கு உடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மேல் காற்றின் வேகம் கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் உராய்வுச் சுழல் வென்று மேலே இருந்த சூட்டைக் கீழே கொட்டுகிறது. கொட்டியதும் மறுபடி அடங்கும். 15 நிமிடச் சராசரியில் இந்த வீச்சு பாதி விழுந்தால் அந்தச் சராசரி எதையும் குறிக்காது, தள்ளிவிடுங்கள்.

மழை பெய்து முடிந்த அரை மணி நேரத்து அளவையும் விட்டுவிடுங்கள். நனைந்த கூடு ஈரக் குமிழ் வெப்பமானியாக மாறி, காற்றைவிடக் குறைவாகக் காட்டும். பனி கொட்டும் மார்கழி விடியலிலும் இதே கதை. மாதம் ஒரு முறை கூட்டைக் கழற்றித் தட்டுகளின் இடைவெளியைப் பாருங்கள். சிலந்தி வலையும் குளவிக் கூடும் காற்றோட்டத்தை அடைத்திருக்கும். கீழ்க் கூட்டில்தான் அதிகம். துடைத்து, உணரிகள் இரண்டையும் மறுபடி ஒரு முறை ஐஸ் பிளாஸ்கில் போட்டு ஒப்பிட்ட பிறகு ஏற்றுங்கள்.